திண்டிவனத்தில் ஆரம்பித்த வேலூர் ஆஸ்பத்திரி: டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மாவின் வாழ்க்கை

 மலருக்காக, பெண்களுக்கு உழைத்த ஒருவருடைய வாழ்க்கையை எழுதித் தாங்கன்னு கேட்டாங்க. முத்துலட்சுமி ரெட்டி அம்மா பேர் நமக்கெல்லாம் தெரியும். மகப்பேறு உதவிப் பணத்துக்குப் பதிஞ்ச ஒவ்வொருத்தரும் அந்தப் பேரைச் சொல்லித்தான் கேட்டிருப்போம். அதனால நான் வேற ஒருத்தரை எடுத்துக்கிட்டேன். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கின டாக்டர் ஐடா சோபியா ஸ்கடர்.

வேலூர் நமக்குத் தூரம். ஏதாவது பெரிய வியாதின்னா கடைசியா ஒரு தடவை வேலூர் கொண்டுபோய்ப் பார்த்துடலாம்னு சொல்லுவாங்களே, அவ்வளவுதான் நமக்கும் அந்த ஊருக்கும் பழக்கம். ஆனா அந்த ஆஸ்பத்திரி உண்டாகக் காரணமான சம்பவம் வேலூரில் நடக்கலை. நம்ம திண்டிவனத்தில் நடந்தது. மரக்காணத்து அக்காமார்கள் சாமான் வாங்கவும், ரயில் ஏறவும் போற அதே திண்டிவனம். இது தெரிஞ்சதும்தான் நான் இவங்களைப் பத்தியே எழுதணும்னு முடிவு பண்ணேன்.

ஐடா அம்மாவோட தாத்தா ஜான் ஸ்கடர் அமெரிக்க டாக்டர். 1819ல கப்பலேறி யாழ்ப்பாணம் வந்து வைத்தியமும் மத ஊழியமும் பார்த்தார். பிறகு சென்னைப் பட்டணம் வந்தார். அவருடைய மகன்கள் பலரும் இந்தப் பக்கமே ஊழியத்துக்கு வந்துட்டாங்க. அதில் ஒரு மகனும் ஜான் என்ற பேர் கொண்ட டாக்டர்தான். அவருக்கும் சோபியா அம்மாவுக்கும் 1870ஆம் வருஷம் டிசம்பர் 9ஆம் தேதி ராணிப்பேட்டையில் ஐடா பிறந்தாங்க. அண்ணன்கள் கூட்டத்துக்கு நடுவில் கடைக்குட்டிப் பொண்ணு.

அவங்களுக்கு ஆறு ஏழு வயசு இருக்கும்போது தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876லிருந்து 78 வரைக்கும். நம்ம பாட்டிமார்கள் அவங்க பாட்டி சொன்னதா சொல்லுவாங்க இல்லையா, புல்லுக்கிழங்கு தோண்டித் தின்னாங்க, பிள்ளையை வித்தாங்கன்னு, அந்தப் பஞ்சம்தான். பசியில் கிடந்த பிள்ளைகளுக்கு ரொட்டித் துண்டு கொடுக்கிற வேலையை வீட்டில் இந்தச் சின்னப் பொண்ணுக்கும் கொடுத்தாங்க. சில பிள்ளைகளுக்கு வாங்கி வாயில் வைக்கக்கூட கையில் தெம்பு இல்லை. இவங்களே ஊட்டிவிட வேண்டியதாப் போச்சு. அதைப் பார்த்த பிள்ளை மனசில் என்ன பதியும்? இந்த ஊரே வேண்டாம்னுதான் பதிஞ்சது. பிறகு அமெரிக்கா போய் அங்கேயே படிச்சாங்க. இந்தியாவுக்கு வர்றதா இல்லை, டாக்டர் குடும்பத்து வழியில் போறதா இல்லை, நல்லபடி கல்யாணம் பண்ணி அமெரிக்காவிலேயே இருந்துடணும், அதுதான் அவங்க ஆசை. இதை நான் ஏன் அழுத்திச் சொல்றேன்னா, பெரியவங்க கதைன்னா பிறக்கும்போதே சேவை எண்ணத்தோட பிறந்த மாதிரி எழுதிடுறாங்க. இவங்க அப்படி இல்லை. நம்ம வீட்டுப் பொண்ணுங்க டவுனுக்கே போயிடணும்னு நினைக்கிற மாதிரிதான் நினைச்சாங்க.

1890ல அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு தகவல் வந்தது. அப்போ அப்பாவுக்கு திண்டிவனத்தில் வேலை. அம்மாவைக் கவனிச்சுட்டுத் திரும்பிப் போயிடலாம்னு ஐடா வந்தாங்க.

அந்த நாட்களில் ஒரு ராத்திரி. ஐடா விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்காங்க. வாசலில் ஆள் சத்தம். ஒரு பிராமணர் நிக்கிறார். அவர் மனைவி சின்ன வயசுப் பொண்ணு, பிரசவ வலியில் ரொம்ப நேரமாத் தவிக்குது, வந்து பாருங்கம்மான்னு கேட்கிறார். எனக்கு வைத்தியம் தெரியாது, எங்கப்பா டாக்டர், அவரைக் கூட்டிட்டுப் போங்கன்னு ஐடா சொன்னாங்க. ஆம்பளை டாக்டர் வீட்டுக்குள்ள வந்து பொம்பளையைத் தொடக்கூடாது, அதுக்கு அவள் சாகிறதே மேல்னு சொல்லிட்டு அவர் போயிட்டார். கொஞ்ச நேரத்தில் இன்னொருத்தர். அவர் முஸ்லிம். அதே கஷ்டம். ஐடா தானும் கூட வர்றேன், அப்பாவையும் அழைச்சு வர்றேன்னு சொல்லியும் அவரும் ஒத்துக்கலை. மூணாவதா வேற ஜாதி இந்து ஒருத்தர். அவரும் அதே மாதிரி வந்து, அதே மாதிரி திரும்பிப் போனார்.

அன்னைக்கு ராத்திரி ஐடாவுக்குத் தூக்கம் இல்லை. விடிஞ்சதும் ஊருக்குள்ள சாவு மேளம் கேட்டது. வேலையாளை விசாரிச்சு வரச் சொன்னாங்க. மூணு பொண்ணுங்களும் செத்துப் போயிட்டாங்கன்னு வந்து சொன்னார். ஒரே ராத்திரி, ஒரே ஊர், மூணு உயிர்.

இந்தக் கதையைச் சொல்றவங்க அந்த மூணு ஆம்பளைகளையும் திட்டிட்டு முடிச்சுடுவாங்க. எனக்கு அப்படித் தோணலை. அவங்க ராத்திரியில் அலைஞ்சு உதவி கேட்டு வந்தவங்கதான். ஊர் என்ன சொல்லுமோன்னு பயந்தாங்க. சென்னையில் 1875லயே பெண்களை டாக்டர் படிப்புக்குச் சேர்த்துட்டாங்க. 1885ல பெண்களுக்குன்னே கோஷா ஆஸ்பத்திரி வந்துடுச்சு. அதெல்லாம் இருந்தும் திண்டிவனத்துப் பொண்ணுக்கு என்ன பிரயோசனம்? வலி எடுத்த பிறகு நூறு கிலோமீட்டருக்கு மேல எப்படிப் போறது? வைத்தியம் தெரிஞ்ச ஐடாவோட அப்பா அதே ஊரில், கூப்பிடுற தூரத்தில் இருந்தார். அவரையும் உள்ளே விடலை. மருந்து இல்லாம மட்டும் ஆள் சாகிறதில்லை. மருந்துக்கும் ஆளுக்கும் நடுவில் தூரம், வெட்கம், காசு, ஜாதி, பயம்னு எத்தனையோ நிக்குது. நர்சிங் படிக்கிற பிள்ளைங்களுக்கு இதையெல்லாம் இப்போ ஒரு பாடமாவே வச்சு சமூகக் காரணங்கள்னு சொல்லிக் கொடுக்கிறாங்களாம். ஐடா அம்மா அதை ஒரே ராத்திரியில் படிச்சுக்கிட்டாங்க.

காலையில் அப்பா அம்மாகிட்ட போய், நான் டாக்டருக்குப் படிக்கப் போறேன், படிச்சுட்டு இங்கேதான் திரும்பி வருவேன்னு சொன்னாங்க.

1895ல அமெரிக்காவில் பிலடெல்பியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தாங்க. பிறகு நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவு திறந்ததும் அங்க மாறி 1899ல டாக்டர் ஆனாங்க. கையில் பட்டம் இருந்தாப் போதுமா, ஆஸ்பத்திரி கட்டக் காசு வேணுமே. ஷெல் என்ற ஒரு நியூயார்க் வங்கிக்காரர், இறந்துபோன தன் மனைவி மேரி டேபர் ஷெல் நினைவா 10,000 டாலர் கொடுத்தார். 1900ஆம் வருஷப் பிறப்பு சமயத்தில் ஐடா இந்தியா வந்து சேர்ந்தாங்க. கூடவே ஆனி ஹான்காக் என்ற தோழியும் வந்தாங்க. இந்தத் தோழி வீடு வீடாப் போய், வெளியில் வராத பெண்களைச் சந்திச்சுப் பேசுற வேலையை எடுத்துக்கிட்டாங்க. இப்போ நம்ம குழுவில் புது உறுப்பினர் சேர்க்கப் போறோமே, அந்த மாதிரி நடை.

இனிமே அப்பாகிட்ட பக்கத்தில் இருந்து தொழில் கத்துக்கலாம்னு நினைச்சாங்க. வந்த சில மாசத்திலேயே அப்பா தவறிட்டார். முப்பது வயசு ஆகாத பொண்ணு, புது டாக்டர், தனியா. வேலூர் பங்களாவில் ஒரு சின்ன அறையில் ஒரே ஒரு கட்டில் போட்டு வைத்தியம் தொடங்கினாங்க. வீட்டோட இருந்த சலோமிங்கிற அம்மாவுக்கு மருந்து கலக்கவும், புண்ணு கழுவிக் கட்டவும் சொல்லிக் கொடுத்துத் துணைக்கு வச்சுக்கிட்டாங்க. பொம்பளை டாக்டரை முதலில் ஜனங்க நம்பலை. நம்பிக்கை வந்த பிறகு சமாளிக்க முடியாத கூட்டம். முதல் ரெண்டு வருஷத்தில் ஐயாயிரம் பேருக்குப் பார்த்தாங்கன்னு கணக்குச் சொல்றாங்க. 1902ல 40 படுக்கையோட மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி திறந்தது.

இங்கதான் நர்ஸ் விஷயம் வருது. நான் இந்தக் கட்டுரையில் முக்கியமாச் சொல்ல நினைச்சதும் இதுதான். டாக்டர் அறுவை செஞ்சுட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போயிடுவார். பிறகு இருபத்திநாலு மணி நேரமும் அந்த உடம்பு யார் கையில்? காய்ச்சல் ஏறுதா, நாடி ஓடுதா, தையலில் சீழ் வைக்குதா, பிரசவம் ஆனவளுக்குத் துணி எத்தனை நனையுது, இதெல்லாம் பக்கத்தில் இருந்து பார்க்கிற ஆள் வேணும். அசைய முடியாம படுத்திருக்கிறவரை ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காட்டி முதுகிலும் இடுப்பிலும் படுக்கைப் புண் வந்துடும். அந்தப் புண்ணே ஆளைக் கொண்டுபோயிடும். ஒரு நோயாளியைத் தொட்ட கையைக் கழுவாம அடுத்தவரைத் தொட்டா நோய் கட்டிலுக்குக் கட்டில் நடக்கும். நாற்பது கட்டிலுக்கு இதைச் செய்ய ஒரு டாக்டராலயும் ஒரு சலோமியாலயும் முடியுமா?

1909ல வேலூரில் நர்சிங் பள்ளி தொடங்கினாங்க. டீலியா ஹௌட்டன் என்ற அமெரிக்க நர்ஸ் அதைப் பொறுப்பெடுத்து நடத்தினாங்க. பெண் பிள்ளைகள் கிடைக்கிறதுதான் கஷ்டமாயிருந்தது. ஊரார் ரத்தத்தையும் சீழையும் தொடணும், மலம் மூத்திரம் எடுக்கணும், எல்லா ஜாதிக்காரங்களையும் தொடணும், ராத்திரி வீட்டுக்கு வெளியில் தங்கணும். அந்தக் காலத்தில் எந்த வீட்டில் அனுப்புவாங்க? இப்பவே நர்ஸ் பொண்ணுன்னா நைட் டியூட்டி போகுமேன்னு சம்பந்தம் பேச வர்றவங்க இழுக்கிறாங்க. அப்படியும் தைரியமா வந்து சேர்ந்தவங்களுக்கு முதலில் கை கழுவக் கத்துக் கொடுத்து, பிறகு நாடி பிடிக்க, காய்ச்சல் பார்க்க, பார்த்ததை அப்படியே எழுதி வைக்கக் கத்துக் கொடுத்தாங்க. எழுதி வைக்கிறது சின்ன வேலை இல்லை. நம்ம குழுவில் வரவு செலவை அன்னைக்கே எழுதலைன்னா அடுத்த வாரம் சண்டை வருமா வராதா? அங்க எழுதாம விட்டா உயிருக்கே ஆபத்து.

ஆஸ்பத்திரி கட்டியாச்சு, நர்சும் இருக்காங்க. ஆனா வர முடியாதவங்க? திண்டிவனத்து ராத்திரியை ஐடா அம்மா மறக்கலை. அவங்க வர முடியலைன்னா நாம போகணும்னு கிளம்பிட்டாங்க. முதலில் மாட்டு வண்டி, பிறகு ஒரு சின்னப் பிரெஞ்சு மோட்டார் கார். குதிரையும் மாடும் இல்லாம ஓடுற வண்டியைப் பார்த்து ஜனங்க பேயின்னு ஓடினாங்களாம். குடியாத்தம் ரோட்டில் இன்ன மரத்தடி, இன்ன திருப்பம்னு இடம் வச்சு, குறிச்ச நாளில் தவறாம போய் நிப்பாங்க. மருந்துப் பெட்டியை இறக்கி, அங்கேயே புண்ணு கழுவிக் கட்டு போடுறது, பல் பிடுங்குறது, கண்ணுக்குச் சொட்டு விடுறது, குழந்தைகளைப் பார்க்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கட்டாயம் வரவேண்டியவங்களை வண்டியிலேயே ஏத்திட்டு வந்துடுவாங்க. ரோட்டோர ஆஸ்பத்திரின்னே பேர் ஆயிடுச்சு.

ரோட்டோரத்தில் பார்க்கும்போது இன்னொண்ணும் புரியும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் நோய் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். மரத்தடியில் அவங்க கால் செருப்பு இல்லாம நடந்து வந்தது தெரியும், குடிக்கிற தண்ணி எந்தக் குளத்துத் தண்ணின்னு தெரியும், இடுப்பில் இருக்கிற பிள்ளை எத்தனாவதுன்னு தெரியும்.

நம்ம உப்பளத்தையே எடுத்துக்குவோம். என் பெரியம்மா மரக்காணம் உப்பளத்தில் இருபது வருஷத்துக்கு மேல உப்பு சுமந்தவங்க. மாசி பங்குனியில் ஆரம்பிச்சா மழை வர்ற வரைக்கும் வேலை. விடியக்காலையே பாத்தியில் இறங்கணும். உப்புத்தண்ணியில் நின்னு நின்னு பாதம் வெடிச்சு, அந்த வெடிப்பில் உப்பு இறங்கி எரியும். வெள்ளை உப்பில் வெயில் அடிச்சுக் கண்ணு கூசும். அதெல்லாம் எல்லாரும் சொல்றதுதான். யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒண்ணு இருக்கு. பரந்த வெளியில் ஒதுங்க இடம் கிடையாது. அதனால பெண்கள் காலையிலிருந்து தண்ணியே குடிக்க மாட்டாங்க. குடிச்சாத்தானே போகணும்னு ஒரு கணக்கு. அந்த வெயிலில் வேர்வை கொட்ட, தண்ணி குடிக்காம, இருக்கிற மூத்திரத்தையும் அடக்கி வச்சா நீர்க்கடுப்பு வரும். நாளடைவில் சிறுநீரகம் கெடும்.

அதோட நிக்கலை. சாயந்தரம் இடுப்பும் முட்டியும் விட்டுப் போகும். மெடிக்கல் கடையில் போய் மேலுவலிக்கு ரெண்டு மாத்திரை கொடுங்கன்னு கேட்டு வாங்கி, வெறும் வயித்தில் போட்டுக்குவாங்க. மறுநாளும் அதே. அந்த வலி மாத்திரைகளில் பல வகை சிறுநீரகத்துக்குப் போற ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். தண்ணி நிறையக் குடிச்ச உடம்பு அதை ஓரளவு தாங்கிக்கும். காஞ்சு போன உடம்பு தாங்காது. வயித்தில் புண்ணும் வரும். இதுக்கு நோய்னு பேர் வச்சு மருந்து எழுதுறது டாக்டர் வேலை. ஆனா அந்த அக்காகிட்ட காலையிலிருந்து எத்தனை தடவை தண்ணி குடிச்சீங்க, எத்தனை தடவை ஒதுங்கினீங்க, கடையில் என்ன மாத்திரை வாங்கிப் போட்டீங்கன்னு பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறது நல்ல நர்சோட வேலை. டாக்டர் அறையில் மூணு நிமிஷத்தில் நம்ம பெண்கள் இதைச் சொல்லவே மாட்டாங்க. அளத்துப் பக்கத்தில் ஒரு கழிப்பறையும், நிழலும், குடிதண்ணியும் இருந்தா பாதி மாத்திரை செலவு மிச்சம். இது நம்ம கூட்டமைப்பு தீர்மானம் போட்டுக் கேட்கக்கூடிய விஷயம்தான்.

2021 ஆகஸ்ட்டில் நம்ம அரசாங்கம் மக்களைத் தேடி மருத்துவம்னு கொண்டு வந்தது எல்லாருக்கும் தெரியும். அதில் வீடு வீடாப் போய் பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிற தன்னார்வலர் அக்காமார்கள் சுய உதவிக் குழுவிலிருந்து போனவங்கதான். அவங்க பையைத் தூக்கிட்டு நம்ம தெருவில் நடக்கும்போது எனக்கு அந்தக் குடியாத்தம் ரோட்டு மரத்தடிதான் ஞாபகம் வருது.

ஐடா அம்மா கதைக்கு வர்றேன். எத்தனை ஊருக்குத்தான் ஒருத்தர் ஓடுவாங்க? நம்ம ஊர்ப் பெண்களையே டாக்டர் ஆக்கணும்னு முடிவு பண்ணினாங்க. விண்ணப்பம் போட மூணு பொண்ணு வந்தாலே அதிர்ஷ்டம்னு பெரிய அதிகாரிகள் சிரிச்சாங்களாம். 151 பேர் விண்ணப்பம் போட்டாங்க. 1918 ஆகஸ்ட் 12ஆம் தேதி பெண்கள் மருத்துவப் பள்ளி திறந்தது. கட்டடம் சரியில்லை, எலும்புக்கூடு ஒண்ணு, புத்தகம் கொஞ்சம். முதல் வருஷப் பரீட்சையில் மாகாணம் முழுக்க ஆம்பளைப் பசங்க நிறைய பேர் தோத்துப் போக, இந்த வேலூர்ப் பொண்ணுங்க 14 பேரும் தேறிட்டாங்க. 1922ல அந்த 14 பேரும் படிப்பு முடிச்சு வெளியே வந்தாங்க. இந்த இடத்தை எழுதும்போது எனக்கே ஒரு சந்தோஷம்.

அடுத்து ஒரு பெரிய சோதனை வந்தது. இனிமே சின்ன மருத்துவப் பட்டயம் செல்லாது, எம்.பி.பி.எஸ். பட்டப்படிப்பாத்தான் நடத்தணும்னு 1930கள் கடைசியில் சென்னை அரசாங்கம் சொல்லிடுச்சு. அதுக்கு வேண்டிய படுக்கை, ஆய்வுக்கூடம், பேராசிரியர்கள், எதுவும் இல்லை. மூடிடறதா? ஐடா அம்மாவுக்கு எழுபது வயசு. அந்த வயசில் அமெரிக்கா போய் ஊர் ஊரா அலைஞ்சு பணம் சேர்த்தாங்க, அதுவும் உலக யுத்த காலத்தில். ஆம்பளைப் பசங்களையும் சேர்த்தாத்தான் மத்த சபைகள் கூட வந்து பணம் போடும்னு ஒரு யோசனை வந்தது. பெண்களுக்குன்னு நம்பிப் பணம் கொடுத்த பழைய தோழிகளே அதை எதிர்த்தாங்க. அவங்க கோபத்திலும் நியாயம் இருக்கு. ஆனா ஒண்ணும் இல்லாமப் போறதுக்கு எல்லாருக்கும் ஆகட்டும்னு ஐடா அம்மா ஒத்துக்கிட்டாங்க. 1942ல எம்.பி.பி.எஸ். படிப்புக்கு அனுமதி வந்தது. 1947ல ஆண்களும் சேர்ந்தாங்க.

1946ல நர்சிங் பள்ளி கல்லூரியா உயர்ந்தது. நர்சிங்குக்கு நாலு வருஷப் பட்டப்படிப்பு இந்தியாவிலேயே முதலில் வந்தது அந்த வருஷம்தான், டெல்லியிலும் வேலூரிலும். ஊசி போட, கட்டுக் கட்ட எதுக்கு நாலு வருஷம்னு கேட்கிறவங்க இப்பவும் இருக்காங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு தங்கச்சி நர்சா இருக்கு. அதுகிட்ட கேட்டு எழுதுறேன்.

இதயத்துக்கு டிகாக்சின்னு ஒரு மாத்திரை இருக்கு. டாக்டர் சீட்டில் எழுதியிருந்தாலும் நர்ஸ் அதைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் முழுசா நாடியை எண்ணிப் பார்க்கணும். பெரியவங்களுக்கு 60க்குக் கீழே இருந்தா கொடுக்காம நிறுத்திட்டு டாக்டருக்குச் சொல்லணும். கொடுத்தா இதயம் இன்னும் மெதுவாகி ஆபத்தாயிடும். சர்க்கரைக்காரருக்கு இன்சுலின் போடணும்னா சாப்பாடு கையில் தயாரா இருக்கான்னு பார்த்துட்டுத்தான் போடணும். ஊசி போட்டுட்டு இட்லி வரலைன்னா சர்க்கரை இறங்கி மயக்கம் வந்துடும். பிரசவ நேரத்தில் பிரஷர் ஏறி ஜன்னி வந்தா மெக்னீசியம் சல்பேட் ஊசி போடுவாங்க. உயிர் காக்கிற மருந்து அது. அளவு மீறினா அதுவே மூச்சை நிறுத்திடும். அதனால ஒவ்வொரு தடவை போடுறதுக்கு முன்னாடியும் முட்டிக்குக் கீழே தட்டி கால் உதறுதான்னு பார்க்கணும், மூச்சை எண்ணணும், மூத்திரம் எவ்வளவு போயிருக்குன்னு அளக்கணும். இந்த மூணில் ஒண்ணு சரியில்லைன்னாலும் ஊசியை நிறுத்தணும். திண்டிவனத்தில் செத்துப்போன அந்த மூணு பொண்ணுங்களுக்கு என்ன ஆச்சோ. அந்தக் காலத்தில் இந்த மருந்தெல்லாம் கைக்கு வரலை. இன்னைக்கு நம்ம பொண்ணுங்க ஜிப்மரிலோ மரக்காணம், திண்டிவனம் அரசு ஆஸ்பத்திரியிலோ பிரசவத்துக்குப் படுத்திருக்கும்போது நடுராத்திரி ஒரு நர்ஸ் வந்து முட்டியைத் தட்டிப் பார்த்தா, தூக்கத்தைக் கெடுக்கிறாங்கன்னு நினைக்காதீங்க.

சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். இந்த ஐந்தையும் பார்த்துத்தான் நர்ஸ் ஒரு மாத்திரையை நம்ம கையில் வைக்கணும். அதனாலதான் கட்டிலில் இருக்கிற நம்ம பேரையே மறுபடி மறுபடி கேட்கிறாங்க. வீட்டிலும் இது பொருந்தும். ரத்தசோகைக்குக் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையை டீயோட போட்டா சத்து உடம்பில் சரியாச் சேராது. காசநோய் மாத்திரையை இருமல் நின்னதும் நிறுத்தினா, திரும்ப வர்ற நோய் அதே மருந்துக்குக் கேட்காமப் போகலாம். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்ட பிரஷர் மாத்திரை நமக்குக் கேட்கணும்னு அவசியம் இல்லை.

1946லேயே ஐடா அம்மா பொறுப்பிலிருந்து விலகிட்டாங்க. பிறகு ஹில்டா லாசரஸ் என்ற நம்ம நாட்டுப் பெண் டாக்டர் தலைமைக்கு வந்தாங்க. ஐடா அம்மா கொடைக்கானலில் போய்த் தங்கினாங்க. கல்யாணம் பண்ணிக்கலை. அமெரிக்காவில் வசதியா வாழ ஆசைப்பட்ட அந்தப் பொண்ணு அறுபது வருஷத்தை இந்த மண்ணிலேயே கழிச்சுட்டாங்க. வெறுமனே டாக்டர் ஐடா, இந்தியான்னு மட்டும் விலாசம் எழுதின ஒரு கடிதம் அவங்க கைக்கே சரியா வந்து சேர்ந்ததுன்னு சொல்லுவாங்க. மதம் பரப்ப வந்தவங்கதானேன்னு சிலர் கேட்கலாம். அவங்க சபை அனுப்பித்தான் வந்தாங்க, அதை மறைக்க வேண்டியதில்லை. மரத்தடியில் வரிசையில் நின்னவங்க எல்லா மதமும்தான். நம்ம கோட்டக்குப்பத்தில் பள்ளிவாசல் தெருக்காரங்களும் கோயில் தெருக்காரங்களும் ஒரே குழுவில் கடன் வாங்கிக் கட்டுறோம், நமக்கு இது புதுசா என்ன. 1960 மே மாசம், 89 வயசில் ஐடா அம்மா காலமானாங்க. ஒரு கட்டிலில் தொடங்கினது இன்னைக்கு ஆயிரக்கணக்கான படுக்கை உள்ள ஆஸ்பத்திரி.

கடைசியா நம்ம பிள்ளைகளுக்கு ஒரு தகவல். பி.எஸ்சி. நர்சிங் சேரணும்னா பன்னிரண்டாவதில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படிச்சிருக்கணும். பன்னிரண்டாவது முடிச்ச பிறகு யோசிச்சா காலம் கடந்துடும். பத்தாவது ரிசல்ட் வந்து குரூப் எடுக்கும்போதே உயிரியல் இருக்கிற குரூப் எடுக்கச் சொல்லுங்க. ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படிச்ச பொண்ணுன்னா புதுமைப்பெண் திட்டத்தில் மாசம் 1,000 ரூபாய் வரும். அந்தப் பணத்தை விடுதிச் செலவுக்கு வச்சுக்கலாம். சேர்க்கைக் கட்டணத்துக்கு உடனே கையில் இல்லைன்னா குழுக்கூட்டத்தில் கேளுங்க. கல்யாணச் செலவுக்குத் தர்ற அவசரக் கடனை இதுக்கும் கேட்டு வாங்கலாம்.